முதியோர் இல்லமும் மறதிநோய்ப் பேணலும்: மதிப்பிடும் அளவுகோல்களின் வரலாறு

தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் அவ்வில்லத்தை நேரில் கண்டு மதிப்பிடுதல் என்பது இந்தியக் குடும்பங்களுக்கு அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்த பணியாகும். ஆதரவற்றோரைப் பேணும் இடங்கள் இந்நாட்டில் பழமையானவை. அவற்றைத் தேர்ந்து மதிப்பிடும் மகனும் மகளும் புதியவர்கள். சத்திரத்திலும் சாலையிலும் அறநிலையத்திலும் இடம்பெற்றவர் அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டவரே தவிர, அவர் சார்பில் எவரும் அவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததில்லை. தேர்வு என்னும் செயல் தோன்றிய பிறகுதான் எதைக் கொண்டு தேர்வது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் எங்கிருந்து விடைகள் கிடைத்தன, அவை எதனை அளந்தன, எதனை அளக்காமல் விட்டன என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

முதுமை மறதிநோய் கண்டவர் பொருட்டு இல்லம் தேடும்போது இப்பணி மேலும் சிக்கலாகிறது. பிற நோயாளர் தாம் தங்கியுள்ள இடத்தின் குறைநிறைகளைத் தாமே எடுத்துரைப்பர். மறதிநோயாளரோ உண்டபின்னும் உண்ணவில்லை என்பார். உண்ணாதபோதும் வயிறு நிறைந்திருப்பதாகச் சொல்வார். அவருடைய முறையீட்டையும் பாராட்டையும் ஒருங்கே ஐயத்துடன் நோக்க வேண்டியுள்ளது. ஆகவே வாழப்போகிறவர் ஒருவர், மதிப்பிடுகிறவர் மற்றொருவர் என்ற பிளவு இங்கே முழுமையடைகிறது. இப்பிளவை மனத்திற்கொண்டே பின்வரும் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

ஆதுலர் சாலை

பேணும் இடமொன்றில் என்னென்ன இருத்தல் வேண்டும் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகத் தெளிவான பழஞ்சான்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிற் கல்வெட்டாகும். வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டு, 'எபிகிராபியா இண்டிகா'வின் 21-ஆம் தொகுதியில் கே.வி. சுப்பிரமணிய ஐயரால் பதிப்பிக்கப்பட்டது. கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி ஆகியவற்றோடு வீரசோழன் என்னும் பெயரிலான ஆதுலர் சாலை ஒன்றும் இதில் விவரிக்கப்படுகிறது. ஆதுலர் என்பது நோயுற்றோரைக் குறிக்கும், முதியோரைக் குறிப்பதன்று. ஆகவே இதனை முதியோர் இல்லத்தின் முன்னோடி என உரைப்பது பொருந்தாது. மேடைத் தமிழில் அவ்வாறு உரைக்கப்படுவதுண்டு. எனினும் ஆய்வுக்கு அது துணைசெய்வதில்லை.

கருதத்தக்கது அக்கல்வெட்டின் கணக்குமுறையே. படுக்கைகள் 15. நோயாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவன் ஒருவன், அறுவைச் செயல் செய்வோன் ஒருவன், மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து சமைப்போர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதன், நீர் கொணர்வோன் என ஆட்கள் தனித்தனியே சுட்டப்படுகின்றனர். மருத்துவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், பெண்கள் இருவருக்குமாக 30 கலம் நெல்லும் 1 காசும் விதிக்கப்பட்டுள்ளன. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் பெயர் சொல்லி அடுக்கப்படுகின்றன. இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெயும் மறக்கப்படவில்லை.

கட்டடத்தின் அழகைப் பற்றி இக்கல்வெட்டு நோயாளர் பகுதியில் ஒன்றும் பேசவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை பேர், அவர்க்குக் கூலி எவ்வளவு, உணவு எவ்வளவு, இரவில் வெளிச்சம் உண்டா என்பனவே அதன் அக்கறை. இன்று முதியோர் குடியிருப்புகள் வெளியிடும் விளம்பர ஏடுகளோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் புலனாகும். அவ்வேடுகளில் தோட்டமும் நடைபாதையும் உணவுக்கூடமும் வண்ணப்படங்களாக இடம்பெறும். பேணுநர் எத்தனை பேர், அவர்க்கு ஊதியம் என்ன என்பது பெரும்பாலும் இடம்பெறாது. பேணும் பெண்கள் இருவர்க்கும் சேர்த்து மருத்துவனுக்கு அளந்ததில் மூன்றில் ஒரு பங்கே நெல் அளக்கப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. பேணும் வேலைக்குக் குறைந்த கூலி என்னும் நடைமுறைக்கு அகவை ஆயிரத்தை நெருங்குகிறது.

கொள்ளுதலும் தள்ளுதலும்

குடியேற்றக் காலத்து நிறுவனங்களின் அளவுகோல் இதற்கு நேர்மாறானது. அங்கே மதிப்பிடப்பட்டது இல்லம் அன்று. இடம் கேட்டு வந்தவரே மதிப்பிடப்பட்டார். 1782-இல் பஞ்சத்தின்போது சென்னையில் கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம், 1812-இல் சென்னையில் அமைந்த நலிந்தோர்க்கு நண்பர் சங்கம், 1882-இல் கொல்கத்தாவுக்கு வந்த ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையினர் நடத்திய இல்லம் ஆகியன இவ்வகையின. வறியவரா, வேறு புகலிடம் அற்றவரா என்பனவே இத்தகைய இடங்களின் வாயிலில் கேட்கப்பட்ட வினாக்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவர் நன்றியுடையவராக இருத்தல் எதிர்பார்க்கப்பட்டது.

இம்மரபின் நிழல் இன்னும் நீங்கவில்லை. முதியோர் இல்லம் என்னும் தொடரே தமிழ் நாவிலும் திரையிலும் கைவிடப்பட்டோர் தங்குமிடம் என்ற பொருளை ஏற்றுக்கொண்டது இதனால்தான் எனலாம். கட்டணம் செலுத்தி, மருத்துவ அறிவுரையின் பேரில், வேறு வழியின்றித் தாயைச் சேர்க்கும் மகள்கூடக் கைவிட்டவளாகவே ஊராரால் நோக்கப்படுகிறாள். பழிக்கு அஞ்சி முடிவைத் தள்ளிப்போடுவோர், விழுந்து எலும்பு முறிந்தபின் அல்லது வீட்டைவிட்டு வெளியேறி வழிதவறியபின், ஓரிரு நாள்களுக்குள் ஏதேனும் ஓரிடம் தேட நேர்கிறது. மதிப்பிடுவதற்குரிய காலத்தைப் பழியச்சம் தின்றுவிடுகிறது.

நோய்க்குப் பெயர் வந்த வரலாறு

தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்றுப் பாட்டில் (புறம். 243) இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் ஒருவர், தம் இளமையில் மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்ததை நினைந்து இரங்குகிறார். உடல் தளர்ந்தும் நெடுநாளைய நினைவு தங்கியிருக்கும் நிலை அது. அண்மை நினைவு அழிந்து பழைய நினைவு எஞ்சுவது மறதிநோயின் தொடக்கநிலை இயல்புகளுள் ஒன்று. அதனால் இப்பாட்டை நோய்க்குறிப்பாகப் படித்தல் வேண்டும் என்பதில்லை. மூப்பும் நினைவும் பற்றிய பேச்சு தமிழில் நோய் என்னும் கருத்துக்கு அப்பாற்பட்டு நெடுங்காலம் நிகழ்ந்தது என்பதற்கு அது சான்றாகும்.

நோய் என்னும் கருத்து செருமானியிலிருந்து வந்தது. 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநோய் மருத்துவமனையில் ஆகுஸ்ட டேட்டர் என்னும் 51 அகவைப் பெண் சேர்க்கப்பட்டார். அவரை ஆராய்ந்த அலோய்ஸ் அல்சைமர், 1906 ஏப்ரலில் அப்பெண் இறந்தபின் அவரது மூளையை ஆய்வுசெய்து, அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கனில் தம் முடிவுகளை வெளியிட்டார். 1910-இல் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமர் பெயரை வழங்கினார். இவ்வரலாறு மருத்துவ நூல்களில் பலமுறை சொல்லப்பட்டதே. ஆனால் அதன் ஓரத்தில் உள்ள செய்தியொன்று இங்குத் தேவைப்படுகிறது. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பெண்ணின் கணவர், கட்டணம் தாளாமல் அவரைச் செலவு குறைந்த வேறிடத்திற்கு மாற்ற விழைந்தார் என்றும், அல்சைமர் இடையிட்டு அங்கேயே தொடரச் செய்தார் என்றும் கூறுவர். இந்நோயின் வரலாற்றில் முதல் குடும்பமே இல்லத்தின் செலவைக் கணக்கிட்டுத் திணறிய குடும்பமாக இருந்திருக்கிறது.

இந்தியாவில் இந்நோய்க்கான அமைப்புமுறைப் பணி கேரளத்தில் தொடங்கியது. அல்சைமர் மற்றும் அது சார்ந்த கோளாறுகளுக்கான இந்தியச் சங்கம் 1992-இல் கொச்சியில் நிறுவப்பட்டது. 2005-இல் வெளிவந்த 'தன்மாத்ர' என்னும் மலையாளத் திரைப்படம், தலைமைச் செயலக அலுவலர் ஒருவர் இந்நோயால் சிதைவதைக் காட்டி, அம்மாநிலத்தில் அதனைப் பொதுப்பேச்சாக்கியது. 2014-ஆம் ஆண்டளவில் கேரள அரசு அச்சங்கத்துடன் இணைந்து 'ஸ்மிருதிபதம்' என்னும் திட்டத்தின் கீழ் எறணாகுளம் மாவட்டம் எடவனக்காட்டில் முழுநேர இல்லத்தையும் திருச்சூர் மாவட்டம் குன்னம்குளத்தில் பகல்நேர மையத்தையும் நடத்தத் தொடங்கியது. நினைவின் வழி எனப் பொருள்படும் அப்பெயர், மறதி என்னும் சொல்லைத் தவிர்த்திருப்பது கவனிக்கத்தக்கது.

பிற மொழிகளின் வழக்கும் ஒப்புநோக்கத்தக்கது. இந்தியில் 'சடியானா' என்னும் வினை, அறுபதைக் குறிக்கும் 'சாட்' என்பதன் அடியாகப் பிறந்தது. அறுபதைத் தொட்டதனால் அறிவு தடுமாறுதல் என்பது அதன் பொருள். வாரணாசியில் களப்பணி செய்த மானிடவியலாளர் லாரன்ஸ் கோகன், 1998-இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழில் 'குழந்தை மாதிரி ஆகிவிட்டார்' என்பதே பெருவழக்கு. இவ்வழக்குகள் யாவும் நிலையை வயதின் இயல்பாக்கி ஏற்றுக்கொள்கின்றன. அதனால் பழிப்பு குறைகிறது என்பது உண்மை. மருத்துவரை நாடுவதும் அதனாலேயே தாமதமாகிறது.

நினைவை அளத்தல்

இல்லத்தை மதிப்பிடுவதற்கு முன் சேரப்போகிறவரை மதிப்பிடுதல் நிகழ்கிறது. எந்நிலையில் உள்ளார், எதனைத் தாமே செய்யவல்லார் என்று அறியாமல் எவ்வகை இடம் வேண்டும் என்று துணிய இயலாது. குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நகர்தல், கழிவடக்கம், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களைக் கொண்டு சிட்னி கேட்சும் குழுவினரும் 1963-இல் வகுத்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இவற்றுள் ஒன்றிரண்டில் மட்டும் கைத்துணை வேண்டுவோர்க்கு உதவியுடன் வாழும் குடியிருப்பு போதும். நினைவுச் சிதைவால் வழிதவறுவோர்க்கும் மாலை வேளையில் மனம் கலங்குவோர்க்கும் மறதிநோய்ப் பேணலுக்கென அமைந்த தனிப்பிரிவு வேண்டும். முன்னதற்குரிய இடத்தில் பின்னவரைச் சேர்த்துவிட்டுப் பிறகு திரும்ப அழைத்துச் செல்லும்படி கேட்கப்படுவது குடும்பங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர்.

நினைவை அளக்கும் கருவியின் வரலாறு இந்தியாவைப் பொறுத்தவரை மொழியின் வரலாறாகவும் கல்வியின் வரலாறாகவும் அமைந்துள்ளது. ஃபோல்ஸ்டைன் முதலியோர் 1975-இல் அமைத்த 30 மதிப்பெண் தேர்வில் ஆண்டும் தேதியும் கேட்கப்படும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். எழுதப்பட்ட கட்டளையைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். ஒரு தொடர் எழுத வேண்டும். அரியானாவின் பல்லப்கட் வட்டாரத்தில் 1990-களில் ஆய்வு மேற்கொண்டவர்கள், எழுத்தறியா முதியோரிடம் இக்கருவி பயனற்றது எனக் கண்டனர். கலி ஆண்டோ கிறித்துவ ஆண்டோ வாழ்வில் தேவைப்படாதவரிடம் இது எந்த ஆண்டு என்று கேட்டு, விடை வராதபோது அவர்க்கு நினைவில்லை என்று எழுதிக்கொள்வது எத்துணைப் பிழையானது! 1995-இல் வெளிவந்த இந்தி மனநிலைத் தேர்வில், படித்துச் செய்யும் கட்டளைக்கு மாற்றாக ஆய்வாளர் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்தலும், தொடர் எழுதுவதற்கு மாற்றாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுதலும் அமைக்கப்பட்டன. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் ஆடன்புரூக் தேர்வின் மலையாள வடிவம் 2004-இல் உருவாயிற்று. ஒவ்வொரு மொழியிலும் இக்கருவிகளை மறுபடி படைக்க வேண்டியிருந்தது, மொழிபெயர்த்தால் போதவில்லை.

பல்லப்கட் ஆய்வில் நோயின் அளவு உலகின் பிற பகுதிகளைவிட மிகக் குறைவாகக் காணப்பட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, நோயாளரைப் பற்றி உறவினர் தரும் செய்தியின் தன்மை. வீட்டில் முதியவரிடம் எவ்வேலையும் எதிர்பார்க்காத குடும்பத்தில் அவர் எதனைச் செய்ய இயலாதவராகிவிட்டார் என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. மருமகள் காப்பி கொணர்ந்து தர, மகன் மருந்தை எடுத்துத் தர, பேரன் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல, இழப்பு மரியாதைக்குள் மறைந்துவிடுகிறது. வளரும் நாடுகளில் இத்தகைய ஆய்வுச் சிக்கல்களை எதிர்கொள்வதற்கென்றே 1998-இல் கொச்சி மாநாட்டையொட்டி 10/66 ஆய்வுக்குழு தோன்றியது. மறதிநோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைச் சார்ந்தது என்பதை அப்பெயர் குறிக்கும். சென்னையும் வேலூரும் அக்குழுவின் இந்தியக் களங்களாயின.

எண்ணிக்கையும் இடைப்பட்ட காலத்தில் பெருகியது. 2010-இல் வெளிவந்த இந்திய மறதிநோய் அறிக்கை நோயாளரை 37 இலட்சம் என மதிப்பிட்டது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 அகவை கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாகக் கணித்தது. பெண்களிடம் 9.0, ஆண்களிடம் 5.8, சிற்றூர்களில் 8.4, நகரங்களில் 5.3 விழுக்காடு என்பன அவ்வாய்வின் முடிவுகள். கட்டணம் பெறும் மறதிநோய் இல்லங்களோ பெருநகரங்களையே சார்ந்துள்ளன.

சட்டம் தந்த கோல்கள்

1992-இல் நடுவணரசு முதியோர்க்கான ஒருங்கிணைந்த திட்டத்தைத் தொடங்கித் தொண்டு நிறுவனங்களின் இல்லங்களுக்கு நிதியளித்தது. 1999-இல் முதியோர்க்கான தேசியக் கொள்கை வெளியிடப்பட்டது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டம் இவற்றினும் பரவலாக அறியப்பட்டது. அதன் 19-ஆம் பிரிவு மாவட்டத்திற்கு ஒன்றேனும் என்ற அளவில், குறைந்தது 150 வறிய முதியோர்க்கு இடமளிக்கும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. மருத்துவப் பேணலுக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய தரங்களை மாநில அரசு வகுக்கலாம் எனவும் அப்பிரிவு கூறுகிறது. 'அமைக்கலாம்', 'வகுக்கலாம்' என்னும் இசைவு வினைகள் இங்குச் சட்டத்தின் முழு எடையையும் தாங்குகின்றன. கட்டணம் செலுத்தித் தனியார் இல்லத்தில் வாழ்பவரைப் பற்றி அச்சட்டம் ஏதும் வகுக்கவில்லை. அதன் பார்வை வறியவர் மீதும் கைவிட்ட மக்கள் மீதுமே. பெற்றோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை என்பதை நாளிதழ்கள் பலவாறு எழுதின. எது கைவிடுதல், எது பேணலுக்காகச் சேர்த்தல் என்ற வேறுபாட்டைப் பற்றி எழுதியோர் சிலரே.

இடையில், கோயம்புத்தூர் போன்ற நகரங்களைச் சுற்றி முதியோர்க்கெனக் கட்டப்பட்ட குடியிருப்புகள் 2000-க்குப் பின் பெருகின. மக்கள் வெளிநாட்டில் வாழ, பெற்றோர் தம் சேமிப்பைக் கொண்டு வீடு வாங்கிக் குடியேறினர். இவை கட்டுமானத் தொழிலின் ஒரு கிளையாகவே வளர்ந்தமையால், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற அமைச்சகம் 2019 மார்ச்சில் வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகளும் சாய்தளம், வழுக்காத தரை, அவசர அழைப்புமணி, கட்டுநர்க்கும் சேவை தருநர்க்கும் வாங்குநர்க்கும் இடையிலான முத்தரப்பு ஒப்பந்தம் என்பனவற்றில் கருத்தூன்றின. ஒப்பந்தம் பற்றிய அக்கறை பயனுடையது. வீட்டை வாங்கியவர் நினைவிழந்தபின் அவ்வீட்டிலேயே பேணப்படுவாரா, வேறு பிரிவுக்கு மாற்றப்படுவாரா, மாற்றும் முடிவு யாருடையது, கூடுதல் கட்டணம் எவ்வளவு, பிரியும்போது திரும்பும் தொகை எவ்வளவு என்பன கையொப்பத்திற்கு முன் எழுத்தில் பெறவேண்டியவை.

மறதிநோயாளர்க்கு நேரடியாக உதவும் அளவுகோல் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதனை விசாரித்தது. அந்நிகழ்வு எழுப்பிய கேள்விகளுக்குச் சட்டவடிவில் விரிவான விடை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பேணல் சட்டத்தில் காணப்படுகிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் உள்ளது. மனநோய் என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில் சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு நினைவின் கடுமையான சிதைவும் இடம்பெறுகிறது. சொந்த உடையை உடுத்தும் உரிமை, சீருடை அணிய வற்புறுத்தப்படாமை, தலையை மழிக்க உட்படாமை, தனிமறைவு, உடல் தெரியாவண்ணம் தக்க ஆடை என்பன 20-ஆம் பிரிவில் உரிமைகளாக எண்ணப்படுகின்றன. 97-ஆம் பிரிவு தனிமைச் சிறைவைப்பைத் தடைசெய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, கட்டிவைத்தலை அனுமதிக்கிறது. அவ்வாறு கட்டிய ஒவ்வொரு முறையும் நோயாளரின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்கப்பட வேண்டும்.

இல்லமொன்றைக் காணச் செல்லும் குடும்பத்தினர் கேட்கத்தக்க கூர்மையான வினாக்கள் இவ்விரு பிரிவுகளிலும் ஆயத்தமாக உள்ளன. இல்லம் இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதா, அல்லது முதியோர் இல்லம் என்ற பெயரில் மட்டும் நடைபெறுகிறதா? கடந்த மாதத்தில் எத்தனை பேர் நாற்காலியிலோ கட்டிலிலோ கட்டப்பட்டனர், யார் ஒப்புதலில்? வரவேற்பறையில் அமர்ந்து இவற்றுக்கு விடைபெறுதல் அரிது. முன்னறிவிப்பின்றி மாலை ஆறு மணிக்கோ விடுமுறை நாளிலோ செல்பவர்க்கு விடைகள் தாமே தெரியும். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கின்றனர் என்பதை அறிய, திருமுக்கூடல் விளக்கைப்போல் இரவுக்கணக்கும் பார்க்கப்பட வேண்டும்.

மொழி என்னும் அளவுகோல்

மேற்கூறிய கோல்களுள் எதுவும் மொழியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவதாகக் கற்ற மொழி முதலில் தேய்ந்து, தாய்மொழி நெடுநாள் எஞ்சுவதை மறதிநோயாளரிடம் மருத்துவர்கள் கண்டுள்ளனர். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி முதலியோர் 648 நோயாளரிடம் மேற்கொண்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வு, பலமொழி பேசுவோர்க்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதித்து வெளிப்படுவதைக் காட்டியது. எழுத்தறியாதவர்க்கும் இது பொருந்தியது. மொழிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை இந்தியக் களமே தெளிவாக்கிய இடம் இது. எனினும் நோய் தொடங்கியபின் எம்மொழியில் பேணுவது என்பது பற்றி ஆய்வுகளும் குறைவு, நெறிமுறைகளும் இல்லை.

தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ நாற்பது ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர் ஒருவரைக் கருதலாம். அலுவலகத்தில் ஆங்கிலமும் சந்தையில் இந்தியோ கன்னடமோ பேசி வாழ்ந்தவர், நோய் முற்றிய நிலையில் தஞ்சை மாவட்டத்து இளமைத் தமிழுக்குத் திரும்புகிறார். பசிக்கிறது, ஒன்றுக்குப் போகணும், முதுகு வலிக்கிறது என்பன அவர் சொல்லவல்ல சொற்கள். பேணுநர்க்கு அவை விளங்குவதில்லை. சொல்லியும் கேட்கப்படாதவர் குரலை உயர்த்துகிறார், கையை ஓங்குகிறார். பதிவேட்டில் இது 'நடத்தைக் கோளாறு' எனக் குறிக்கப்பட்டு, அமைதிப்படுத்தும் மருந்து தரப்படுகிறது. மனப்பிறழ்வுக்குரிய புதியவகை மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரிடம் இறப்பு வாய்ப்பை மிகுவிக்கின்றன என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2005-இலும், பழையவகை மருந்துகளும் அத்தகையனவே என 2008-இலும் எச்சரித்தது. புரியாமற்போன ஒரு சொல் நோய்க்குறியாக மாறி மருந்தாக முடியும் இவ்வழி, எந்த ஆய்வுப் படிவத்திலும் பிழையாகப் பதிவாவதில்லை.

இச்சிக்கல் தமிழ்நாட்டுக்கு வெளியே மட்டும் உரியதன்று. சென்னை, கோவை இல்லங்களிலும் ஒடிசா, சார்க்கண்டு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் பேணுநராக உள்ளனர். தம் தாயை ஊரில் விட்டு வந்து பிறர் தாயைக் குளிப்பாட்டும் அவர்களிடம் குறைகாணுதல் முறையன்று. அவர்களுக்கு ஐம்பது தமிழ்ச்சொல் கற்பிக்காத நிருவாகத்திடமே குறை உள்ளது. பாட்டி, அத்தை, பெரியம்மா என்று பெயரிட்டு அழைக்கப் பழகிய பேணுநரிடம் முதியவர் எளிதில் உண்பதையும், எண்ணிட்ட கட்டிலாக நடத்தப்படுமிடத்தில் வாயைத் திறக்க மறுப்பதையும் சென்று பார்ப்பவர் எவரும் காணலாம். உணவு வேளையில் அரைமணி நேரம் அமர்ந்து, ஒருவர்க்கு ஊட்டுபவர் அவரிடம் என்ன மொழியில் என்ன பேசுகிறார் என்று கேட்பது, கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட மிகுதியாகச் சொல்லும்.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, தனியார் இல்லங்களும் பதிவு பெறவும் குறைந்தபட்சத் தரங்களைக் கடைப்பிடிக்கவும் வகைசெய்யும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் முன்வைக்கப்பட்டது. நிலைக்குழுவின் ஆய்வுக்கு உட்பட்டும் நிறைவேறாமல், 2024-இல் 17-ஆம் மக்களவை கலைந்தபோது அது காலாவதியாயிற்று. ஒருங்கிணைந்த திட்டம் 2021 முதல் அடல் வயோ அபியுதய் திட்டத்தின் பகுதியாகத் தொடர்கிறது. தாய்க்கு இடம் தேடும் மகளின் கையில் இன்று இருப்பன, வெவ்வேறு தேவைகளுக்காக வெவ்வேறு துறைகள் வகுத்த கோல்கள்: கட்டுமானத் துறையின் சாய்தளம், மனநலச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு, கேட்சின் ஆறு செயல்கள். மொழிக்கென ஒரு கேள்வியை அவள் தானே எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.